செய்வழியைப் பார்ப்பவர் யார்?

இடையில் நின்றுபோன கல்வியைத் தொடர விரும்புவோருக்கு இன்று இரு வாயில்கள் திறந்திருக்கின்றன. மேசையும் நாற்காலியும் வெண்பலகையும் கொண்ட வகுப்பறை ஒன்று. திறன்பேசியின் திரையில் விரியும் இயங்கலை வகுப்பு மற்றொன்று. மொழியும் வரலாறும் படிக்க வருவோர் இவ்விரண்டில் எதனுள் நுழைந்தாலும் ஓரளவேனும் பயன்பெற்றுத் திரும்புவர். கணிதம் படிக்க வருவோருக்கோ இத்தேர்வு அத்துணை எளிதாக அமைவதில்லை. கணிதத்தைக் காதால் கேட்டு மட்டும் கற்க இயலாது. கையால் எழுதிப் பார்த்தே கற்க வேண்டும். எழுதும்போது தவறு நேரும். அத்தவறு விடையில் வெளிப்பட்டாலும், பிறக்கும் இடம் பெரும்பாலும் விடைக்கு மூன்று நான்கு வரிகளுக்கு முன்னால், எழுதியவர் கண்ணுக்கே புலப்படாத ஓரிடமாக இருக்கும். ஆதலின், எந்த வகுப்பில் சேர்வது என்னும் வினாவைக் கட்டணத்தையும் தொலைவையும் நேரத்தையும் மட்டும் கணக்கிட்டுத் தீர்த்துவிட முடிவதில்லை. பள்ளியை விட்டுப் பல்லாண்டு கழித்து மீண்டும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் ஒருவருக்கு அது தம்மைப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதப்படும் எஸ்.பி.எம். தேர்வு, ஒருவரின் வாழ்வில் நெடுந்தூரம் பின்தொடர்ந்து வருவது. இன்றைய தரவரிசையில் ‘சி’யும் அதற்கு மேற்பட்டவையும் ‘கிரெடிட்’ என்னும் தகுதியைப் பெறுகின்றன, ‘டி’யும் ‘இ’யும் தேர்ச்சி மட்டுமே, ‘ஜி’ என்றால் தேர்ச்சியில்லை. தாதிமைப் படிப்புத் தொடங்கிப் பற்பல டிப்ளோமா படிப்புகளின் வாசலில், கணிதத்தில் கிரெடிட் உண்டா என்று கேட்கிறார்கள். பள்ளிப் பருவத்தில் அதனைத் தவறவிட்டவர்கள் தனியார் தேர்வர்களாகப் பதிந்துகொண்டு மறுபடியும் எழுதலாம். விதிமுறை அவர்களைத் தடுப்பதில்லை, தயக்கமே தடுக்கிறது.

கிள்ளானில் வசிக்கும் ஓர் அம்மையார் அத்தயக்கத்தை நாற்பத்தைந்தாம் வயதில் கடக்க முனைந்தார். 1998ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். எழுதிய அவர், மற்றப் பாடங்களில் ஒருவாறு தேறினார். கணிதத்தில் மட்டும் தேறவில்லை. ஷா ஆலாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறார். காலை, மாலை, இரவு என்று வாரந்தோறும் மாறும் ஷிப்டு வேலை. அங்கே தொழில்நுட்பர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக ஒருநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளம்பெண்கள் இருவர் விண்ணப்பித்தனர். தகுதிகளின் வரிசையில் ‘கணிதத்தில் கிரெடிட்’ என்றிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத் தம் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவே தேர்வுக்குப் பதிவு செய்வதெப்படி என்று மகளிடம் கேட்டார்.

அவருடைய கணிதம் எங்கே அறுபட்டது? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அவர் கணக்கைத் தமிழில் படித்தார். பின்னமும் தசமமும் விழுக்காடும் அவருக்கு வீட்டுச் சொற்களைப்போல் பழகியிருந்தன. புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து முதலாம் படிவத்தில் அமர்ந்தபோது பின்னம் ‘பெச்சாஹான்’ ஆயிற்று. விழுக்காடு ‘பெராதுஸ்’ ஆயிற்று. சொற்களை அவர் விரைவிலேயே பிடித்துக்கொண்டார். எனினும், சொல்லைத் துரத்திச் சென்ற அந்நாட்களில் பொருளொன்று கைநழுவிப் போயிற்று. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி நின்றால் உள்ளேயுள்ள குறிகள் ஏன் மாறுகின்றன என்று ஆசிரியர் விளக்கிய பாடம் அவர் மனத்தில் பதியவில்லை. நாற்பது பேர் அமர்ந்திருந்த வகுப்பில் அது எவர் கண்ணிலும் படவில்லை. அடுத்து வந்த பாடங்கள் யாவும் அந்த ஒன்றின் மேல் கட்டப்பட்டவை. மூன்றாம் படிவத்திற்குள் அவர் பக்கத்து மாணவியின் ஏட்டைப் பார்த்து எழுதப் பழகிவிட்டார்.

வளர்ந்தவர் ஒருவர் தம் அறியாமையை மறைப்பதில் அடைந்துவிடும் தேர்ச்சியை எந்தத் தேர்வு வாரியமும் அளந்ததில்லை. மகள் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றால், “அப்பா வரட்டும், கண்ணு. அம்மாவுக்கு அடுப்பில் வேலை இருக்கிறது” என்பார். சில நாள்களில் அடுப்பில் ஒன்றும் இருக்காது. கடையில் மீதிப் பணத்தை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொள்வார்; தவணைக் கணக்கை விற்பவர் சொன்னபடி ஏற்றுக்கொள்வார். இருபத்தேழு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. எந்த வகுப்பு ஏற்றது என்னும் வினாவோடு இப்பழக்கமும் கூடவே வந்து நின்றது.

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் ஆசிரியர் வாரத்தில் மூன்று இரவுகள் இயங்கலையில் பாடம் நடத்தினார். வகுப்பு முழுதும் பதிவு செய்யப்படும்; வேலையில் இருந்தவர்கள் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். கட்டணமும் குறைவு. மற்றொன்று, கிள்ளானிலேயே ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், வாரத்தில் இரண்டு மாலைகள் நடக்கும் பிரத்தியேக வகுப்பு. அங்கே வருவோர் பதினேழு வயதுப் பிள்ளைகள். மகள் தயங்காமல் கருத்துச் சொன்னாள்: “அம்மா, இயங்கலையே உங்களுக்கு நல்லது. ஒளிப்படக் கருவியை அணைத்து வைத்துக்கொள்ளலாம். நீங்கள் படிக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.” அன்பினால் சொன்ன சொல்தான் அது. ஆயினும் அந்த ‘யாருக்கும் தெரியாது’ என்பதே பின்னர் அம்மையாரை நெடுநேரம் எண்ண வைத்தது.

இயங்கலையின் பக்கம் நியாயம் மிகுதி என்பதை மறுத்தல் தகாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்பவருக்கு, உடை மாற்றி மறுபடியும் வெளியே போவதென்பது சிறு செயலன்று. மாலை ஷிப்டு வாரத்தில் இரவு வகுப்புக்குச் செல்லவே இயலாது. பதிவு செய்யப்பட்ட பாடத்துக்கோ களைப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒரே விளக்கத்தைப் பத்து முறை கேட்டாலும் அது முகம் சுளிப்பதில்லை. அவர் முதலில் யூடியூபில் பின்னப் பாடங்களைத் தேடிப் பார்த்தார். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளில் விழுக்காடு ‘சதவீதம்’ என்று ஒலித்தது. மலாய்க் காணொளிகள் வேகமாக ஓடின. இருந்தும், நிறுத்தி நிறுத்திக் கேட்டதில், அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டும்போது மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிவிடலாகாது என்பது அவருக்கு முதன்முறையாகத் தெளிவாயிற்று. பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவே அமர்ந்து அவ்வினாவைக் கேட்டிருக்க அவருக்குத் துணிவு வந்திராது. திரை தந்த தனிமை அன்று அவருக்கு உதவியாகவே இருந்தது.

வகுப்பறைக்கு வர இயலாதவரைத் தேடிக் கல்வி செல்வதும் புதிதன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே வளாகத்திற்கு வெளியே இருப்போருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் அமைக்கப்பட்டு, 1971இல் முதல் மாணவர்களை ஏற்றது. அதன் பாடங்கள் பிபிசி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலிபரப்பாயின. வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசிகளும் அவற்றால் பட்டதாரிகளாயினர். அப்பல்கலைக்கழகத்தின் அமைப்பில் ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாடத்தை அலைவழியே அனுப்பியதோடு அது நின்றுவிடவில்லை. மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் தருவதற்கென ஆசிரியர்களை அமர்த்தியது. கோடையில் ஒரு வாரம் மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து நேரில் கற்பித்தது. பாடத்தைத் தொலைவிலிருந்து அனுப்பிவிடலாம், எழுத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்பதை அதனை நிறுவியவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

மலேசியக் குடும்பங்கள் இதனை வேறு விதமாக உணர்ந்தன. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் ஒரே சமயத்தில் இயங்கலைக்குள் தள்ளப்பட்டது. அவ்வாண்டுக்குரிய எஸ்.பி.எம். தேர்வே 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிற்று. சபாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தொடர்புக்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய செய்தி அந்நாளில் அனைவர் பேச்சிலும் அடிபட்டது. அம்மையாரின் மகள் அப்போது முதலாம் படிவ மாணவி. சமையலறை மேசையில் திறன்பேசியைச் சாய்த்து வைத்து, வருகையைப் பதிந்துவிட்டு, கருவியை அணைத்தபின் அவள் தலைசாய்த்துத் தூங்கிய காலைகள் பல. ஆசிரியருடைய திரையில் அவள் பெயர் விழித்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் கடமை தவறியவர் அல்லர். சிறுமியும் சோம்பேறி அல்லள். காண இயலாத ஒன்றை ஆசிரியர் காணவில்லை, அவ்வளவே.

அம்மையார் அவசரப்படாமல் இரண்டையும் சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தார். இயங்கலை வகுப்பில் ஒரு மாதம் சேர்ந்தார். ஆசிரியர் நன்றாகவே நடத்தினார். ஒருநாள் சமன்பாட்டுப் பயிற்சியில் ஒரு கணக்கு வந்தது. தெரியாத எண்ணைக் ‘க’ என்று கொண்டால் அது இவ்வாறு அமையும்: 5 − 2(க − 3) = 1. அம்மையார் அடைப்புக்குறியை நீக்கி 5 − 2க − 6 = 1 என்று எழுதினார். அதிலிருந்து −2க = 2 என்றும், க = −1 என்றும் விடை கண்டார். திரையில் விடையைத் தட்டியதும் ‘தவறு’ என்று சிவப்பில் வந்தது. சரியான விடை 5 என்றும் காட்டிற்று. அவர் காணொளியைப் பின்னோக்கி ஓட்டி நான்கு முறை பார்த்தார். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்தார். ஒவ்வொரு முறையும் அம்மையாருக்கு எல்லாம் புரிந்தது. தாமே எழுதும்போது மறுபடியும் −1 வந்தது. பிறர் செய்யும் சரியான கணக்கை எத்தனை முறை பார்த்தாலும், தாம் செய்யும் தவறான கணக்கு அதனுள் தென்படுவதில்லை. வகுப்பின் நடுவே கருவியைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆசிரியர் ஒவ்வொரு முறையும், “ஐயம் உண்டா?” என்று கேட்கவே செய்தார். இருபத்தேழு ஆண்டுப் பழக்கம் அம்மையாரின் வாயை மூடிவைத்தது.

அடுத்த மாதம் அவர் கடைவீட்டின் படிகளில் ஏறினார். முதல் நாள் கடைசி வரிசையில் அமர்ந்தார். பயிற்சி கொடுத்துவிட்டு ஆசிரியர் வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்தார். அம்மையாரைவிடப் பத்து வயதேனும் இளையவர். அவர் மேசையருகே வந்ததும் நின்றார். அம்மையார் கையால் ஏட்டை மறைக்க முயன்றார், நேரமாகிவிட்டது. ஆசிரியர் தவறு என்று சொல்லவில்லை. இரண்டாம் வரியில் விரலை வைத்து, “அக்கா, இந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்” என்றார். அம்மையார் படித்தார்: “ஐந்து, கழித்தல் இரண்டு பெருக்கல் க, பிறகு கழித்தல் இரண்டு பெருக்கல் கழித்தல் மூன்று...” அவ்விடத்தில் அவர் குரல் நின்றது. “கூட்டல் ஆறு வர வேண்டும், சார்” என்றார். பக்கத்தில் இருந்த மாணவன் எட்டிப் பார்த்து, “ஆன்ட்டி, நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்” என்றான். அவனுக்குப் பின்னால் இருந்த இருவரும் சத்தமின்றித் தங்கள் ஏட்டில் குறியை மாற்றினர்.

முதலாம் படிவத்தில் தவறிய பாடம் இரண்டு நிமிடத்தில் திரும்பக் கிடைத்தது. அதனைத் தந்தது ஆசிரியரின் மிகுந்த புலமை என்று சொல்வதற்கில்லை. இயங்கலை ஆசிரியர் புலமையில் குறைந்தவர் அல்லர். வகுப்பறையில் ஆசிரியர் தாமே நடந்து வந்தார். மாணவர் அழைக்காமலே அவர் கண் ஏட்டில் விழுந்தது. திரையின் வழியே தவறு தெரிய வேண்டுமானால், தவறு செய்தவரே அதனை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இது தவறு என்று தெரிந்தால்தானே அவர் காட்டுவார்! தெரிந்தாலும், வெட்கம் விட்டுப் போனால்தானே காட்டுவார்! மேலும், தம் தவறு தமக்கு மட்டுமே உரிய குறையன்று என்று பக்கத்து இருக்கைக்காரர் வாயிலாக அறிவதும் வகுப்பறையில்தான் எளிதில் நிகழ்கிறது. பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் முன் சிறுவர்கள் ஒன்றுகூடி எண்சுவடி ஒப்பித்த முறையில் குறைகள் பல இருந்திருக்கலாம்; தனித்துக் கிடந்து தவறும் நிலை மட்டும் அங்கே இல்லை.

துணையின்றிக் கணிதம் கற்கலாம் என்பதற்குச் சான்றாக இராமானுசன் பெயரைச் சொல்வது வழக்கம். அவர் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. கும்பகோணத்தில் 1903ஆம் ஆண்டளவில் அவர் கையில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. பல ஆயிரம் முடிவுகளை வரிசையாகத் தரும் அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கம். காகிதம் விலைமிகுந்ததாக இருந்தமையால் இராமானுசன் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அவருடைய செய்வழி அவ்வாறே அழிந்து போயிற்று. 1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அதன் முடிவுகளைக் கண்டு வியந்த ஹார்டி, விடைமடலில் நிறுவல்களையே கேட்டார். பகா எண்களைப் பற்றி இராமானுசன் அனுப்பியவற்றுள் சில பிழையாக இருந்தன. அப்பிழைகளின் வேரை மடல் போக்குவரத்தில் காண்பது எளிதாக இல்லை. 1914இல் அவர் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். ஹார்டியோடும் லிட்டில்வுட்டோடும் ஓரிடத்தில் இருந்து உழைத்த பின்னரே அவருடைய கண்டுபிடிப்புகள் உலகம் ஏற்கும் நிறுவல்களாகத் தொடர்ந்து வெளிவந்தன. மாமேதைக்கும் தம் நடுவரிகளைப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

எஸ்.பி.எம். தேர்வின் அமைப்பும் இதனையே வலியுறுத்துகிறது. கணிதத்தின் முதல் தாள் நாற்பது பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. அதில் விடையை மட்டும் குறித்தால் போதும். இரண்டாம் தாளில் நிலைமை வேறு. கணக்கின் முக்கியமான படிகளைக் காட்டுமாறும், அவை மதிப்பெண் பெற உதவக்கூடும் என்றும் வினாத்தாளிலேயே அறிவுறுத்தப்படுகிறது. விடை பிழைத்தாலும் வழி சரியாக இருக்கும் அளவுக்கு மதிப்பெண் உண்டு. திரையில் விடையை மட்டும் தட்டிப் பழகியவர் முதல் தாளுக்கே ஆயத்தமாகிறார்.

இவற்றால், நேர்முக வகுப்பே எல்லார்க்கும் உகந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. நூற்றுக்கணக்கானோரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி ஒலிபெருக்கியில் நடத்தும் தேர்வு முகாம்களும் நேர்முக வகுப்புகள்தாம். அங்கே எவர் ஏட்டையும் எவரும் பார்ப்பதில்லை. நிறுத்திக் கேட்கவும் வழியில்லாத பெரியதொரு திரை என்றே அதனைச் சொல்லலாம். அதே கிள்ளானில், துறைமுகச் சரக்குந்து ஓட்டும் இளைஞர் ஒருவர் தந்தையின் மறைவால் நான்காம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். கணக்கில் அவர் கெட்டிக்காரர்; அவருக்குக் குறைவாக இருந்தது நேரம் ஒன்றே. சரக்கு ஏற்றுவதற்காகக் காத்திருக்கும் மணிகளில் அவர் பதிவுப் பாடங்களைக் கேட்கிறார். விளங்காவிட்டால் உடனே புலனத்தில் கேட்டுவிடுகிறார். கேட்பதற்குக் கூசாதவர் அவர். அவருக்கு இயங்கலையே ஏற்ற வழி. ஒருவரின் படிப்பை அன்று நிறுத்தியது நேரமின்மையா, வறுமையா, விளங்காமையா, வெட்கமா என்று முதலில் தெளிந்துகொண்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அம்மையாரை நிறுத்தியது விளங்காமை. அதனைத் தொடர வைத்தது வெட்கம். யாருக்கும் தெரியாமல் படிக்கும் வசதியை மகள் ஒரு நன்மையாகச் சொன்னாள். அவர் நோய்க்கு அதுவே ஒவ்வாத உணவு.

வயது வந்தவர் வெறுங்கையோடு வகுப்புக்குள் வருவதில்லை என்பதும் அம்மையாருக்கு அங்கேதான் தெரிய வந்தது. 2017இல் முதலாம் படிவத்தில் தொடங்கிய புதிய இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டம் 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வை எட்டியது. அதன் நான்காம், ஐந்தாம் படிவக் கணிதத்தில் நிதி மேலாண்மை, காப்புறுதி, வரிவிதிப்பு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக உள்ளன. மருத்துவக் காப்புறுதியில் முதல் தொகையை நோயாளியே செலுத்திய பின்னர்தான் நிறுவனம் செலுத்தும் என்னும் விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய முயன்றபோது, அம்மையார் தம் கணவரின் மருத்துவமனைச் செலவை எடுத்துச் சொன்னார். தவணைக் கடனும் ஊழியர் சேமநிதியும் அவருக்கு வாழ்க்கையாக இருந்தவை. அன்று வகுப்பு அவர் பக்கம் திரும்பி அமர்ந்து கேட்டது. காணொளியின் முன் தனித்து இருந்திருந்தால் அவர் அறிவை எவரும் அறிந்திரார், அவரும் அறிந்திரார்.

மாலை ஷிப்டு வாரங்கள் மட்டும் இடராக நின்றன. மூன்று வாரத்தில் ஒரு வாரம் வகுப்புக்கு வர இயலாதென்று, பணம் கட்டுமுன் அவர் ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் சற்று எண்ணிப் பார்த்து ஒரு நிபந்தனை விதித்தார்: “வர முடியாத வாரம் கணக்குகளை வீட்டில் செய்யுங்கள், அக்கா. ஏட்டை அப்படியே படமெடுத்துப் புலனத்தில் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எதையும் அழிக்காதீர்கள்.” அம்மையார் ஒப்புக்கொண்டார். முதல் படத்தை அனுப்புமுன் அரைமணி நேரம் திறன்பேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வரியைச் சுற்றி வட்டமிட்டு அப்படம் மறுநாள் திரும்பி வந்தது. விளக்கம் எதுவும் இல்லை, வட்டம் மட்டுமே. அவ்வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். இவ்வாறாக, மறைவிடமாக இருந்திருக்கக்கூடிய அதே கருவி, ஏட்டைத் திறந்து காட்டும் சாளரமாயிற்று.

அந்த ஏடு இப்போது சமையலறை மேசையில் திறந்தே கிடக்கிறது. சிவப்பு வட்டங்களும் அடித்த வரிகளும் அதில் நிறைய உண்டு. மகள் அதைப் புரட்டிப் பார்க்கிறாள், தாய் தடுப்பதில்லை. தேர்வு இன்னும் முன்னால் இருக்கிறது. அதில் கிரெடிட் கிடைக்கலாம். மற்றோராண்டு முயலவும் நேரலாம். தொழிற்சாலையின் பயிற்சிக்கு மீண்டும் எப்போது ஆள் எடுப்பார்கள் என்பதும் தெரியாது. கடையில் மீதிப் பணத்தை எண்ணி வாங்கும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது.

மீண்டும் படிக்க வரும் பெரியவர்கள் தமிழாசிரியர்களிடம் அறிவுரை கேட்டு வருவதுண்டு. பலருக்கு ஆசிரியர் என்று தெரிந்தவர் அவர் ஒருவராகவே இருப்பார். அப்போது, இயங்கலை நல்லதா நேர்முகம் நல்லதா என்று வாதிடுவதினும், சேரவிருக்கும் வகுப்பைப் பற்றி மூன்று செய்திகளை விசாரித்து வரச் சொல்வது பயன் தரும். வகுப்பில் எத்தனை பேர்? பயிற்சி ஏட்டை வாரத்தில் எத்தனை முறை ஆசிரியர் பார்ப்பார்? வர இயலாத நாளில் செய்த கணக்கை அவரிடம் சேர்ப்பதெப்படி? இம்மூன்றுக்கும் தெளிவான விடை தரும் வகுப்பு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தாலும் திறன்பேசியில் இருந்தாலும் அதில் சேரலாம். விடை சொல்லத் தயங்கும் வகுப்பில், கட்டணம் எத்துணைக் குறைவாக இருப்பினும், பள்ளியில் ஒருமுறை காணாமற் போனவர் மறுமுறையும் காணாமற் போகவே இடமுண்டு.